பத்தில் ஒன்று போனால்

மச்சான் நடத்தும் பயிற்சி மையத்தின் இணையதளத்தில் கணக்குக் குறிகள் எழுதும் பெட்டியைச் சேர்த்தவன், சோம்பல்பட்டு, எல்லாரும் பார்க்கும் பக்கத்திலேயே அதைச் சோதித்தான். 10 − 1 என்று தட்டினான். பெட்டிக்கு எழுதத்தான் தெரியும், கணக்குப் போடத் தெரியாது. ஆனாலும் 9 என்று விடை வந்தது.

சமையலறையில் மனைவி அலறினாள். நறுக்கிய வெங்காயத்தோடு அவள் சுண்டுவிரலும் பலகையில் கிடந்தது.

துணியால் கையை இறுக்கிக் கட்டும்போது மச்சான் போன் செய்தான்.

"மாப்ளே, உன் பொட்டி பட்டையக் கிளப்புது! விடையும் அதுவே போடுதே!"

"மச்சான், அதத் தொடாதே!"

"ஏன்டா? கிளாஸ்ல நாப்பது பேரு. ரெண்டால வகுத்து இப்பதான் போட்டேன்."

அவனுக்குப் பின்னால் கலகலத்த வகுப்பு சட்டென்று அடங்கியது. பிறகு, மிச்சமிருந்த இருபது பேரும் அலறத் தொடங்கினார்கள்.