ரெண்டு கோலி

"இன்னிக்கும் நான்தான் ஜெயிச்சேன்! எனக்கு ரெண்டு கோலி கூட!"

விபத்தில் காலுடைந்து, லாரி ஓட்டப் போக முடியாமல் பாயா ரும்புட் ஊரிலுள்ள வீட்டிலேயே இருக்கும் திருச்செல்வம் பல்லாங்குழி போன்ற சொங்காக் பலகையைத் தட்டிச் சிரித்தான்.

அவன் மனைவி புனிதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மகள் லோஷினியைச் சமையலறைக்கு இழுத்துப் போனாள்.

"தினமும் தோத்துட்டு வர்றியே! குழியில கோலி எண்ணிப் போடத் தெரியல, நீ கணக்குப் பரீட்சையில என்னத்தைக் கிழிக்கப் போற? அந்தப் பலகையைத் தூக்கி ஸ்டோர்ல போட்டுடறேன். நாளையிலேர்ந்து டியூஷன் போ."

"ஐயோ, வேணாம்மா!" லோஷினி குரலைத் தாழ்த்தினாள். "ஜெயிக்கிறது ஈசிம்மா. ரெண்டே கோலியில தோக்கிறதுதான் கஷ்டம். எந்தக் குழியில எடுத்தா எங்க போய் முடியும்னு முன்னாடியே கணக்குப் போடணும். நிறைய தோத்தா அப்பா கண்டுபிடிச்சிடுவாரு."

"எதுக்குடி வேணும்னே தோக்கிற?"

"ஜெயிச்சாத்தானேம்மா அப்பா சிரிக்கிறாரு."

கூடத்திலிருந்து திருச்செல்வத்தின் குரல் வந்தது. "லோஷினி! இன்னொரு ஆட்டம் போடலாம்லா!"

புனிதா மகளின் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டாள்.

"போம்மா. போய்த் தோத்துட்டு வா."