ஒதுக்கப்பட்டது யார்?

கிளாவர் இரண்டு என்ற சீட்டுக்கு அன்று தலை சுற்றிவிட்டது. பிரெஞ்சுக்காரர்களின் பழைய சீட்டாட்டம் ஒன்றை ஆட இருவர் உட்கார்ந்தார்கள். இரண்டு முதல் ஆறு வரையுள்ள சீட்டுகள் அதற்கு வேண்டாமாம். அவற்றைப் பொறுக்கிப் பெட்டியில் போட்டுவிட்டார்கள்.

"இந்த ஆட்டத்தின் பேர் எக்கார்த்தே. ஒதுக்கப்பட்டது என்று அர்த்தம்" என்று ஒருவர் சொன்னது பெட்டிக்குள் கேட்டது.

கிளாவர் இரண்டுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ராஜா, ராணிக்குக்கூட இல்லாத பெருமை. ஆட்டத்துக்கே தன் பேரை அல்லவா வைத்திருக்கிறார்கள்.

அந்த நேரம் பார்த்து, ஆடுகிறவர் கையிலிருந்து தள்ளிய டைமன் ஏழு பெட்டியோரம் குப்புற வந்து விழுந்தது.

"அண்ணே, பேரைக் கேட்டீர்களா? என்னைத்தான் சொல்கிறார்கள்."

"உன்னையா? போடா. என்னைக் கையில் வாங்கி, விசிறி மாதிரி விரித்துப் பார்த்து, யோசித்து, வேண்டாமென்று தள்ளினார்கள். அதுதான் ஒதுக்குவது."

"என்னையும் பொறுக்கிப் போட்டார்களே."

"அது ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால். கணக்கில் வராது."

"அப்படியென்றால் எனக்கு என்னதான் பேர்?"

ஏழு யோசித்தது. "எக்கார் என்று அதே குடும்பத்துச் சொல் ஒன்று உண்டு. நடுவில் விட்ட இடைவெளி என்று அர்த்தம். வேண்டுமானால் அதை வைத்துக்கொள்."

இடைவெளியை எப்படி வைத்துக்கொள்வது என்று இரண்டுக்கு விளங்கவில்லை. தான் ஆட்டத்துக்கு உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்பதும் குழம்பிப் போயிற்று. கடைசியில் தயங்கித் தயங்கிக் கேட்டது.

"அண்ணே, அடுத்த ஆட்டத்திலாவது என்னைக் கையில் வாங்கி, ஒரே ஒரு தடவை வேண்டாமென்று சொல்லச் சொல்வீர்களா?"