மணப்பெண்ணின் பருக்கள்

பாஸ்டனில் பதினெட்டு ஆண்டுகளாக மணப்பெண்களுக்கு ஒப்பனை செய்கிறாள் கெயில். நோராவின் முகமெல்லாம் சிவந்த பருக்கள். கெயில் அசரவில்லை.

"அரை மணி நேரம் போதும். ஒண்ணுகூடத் தெரியாம மூடிடறேன்."

"ஒண்ணைக்கூட மூடக் கூடாது" என்றாள் பின்னால் நின்ற நோராவின் தாய்.

"கல்யாண போட்டோங்க! மாப்பிள்ளை பயந்து ஓடிடப் போறாரு."

"ஓடுறாரான்னு பாப்போம்."

பெற்ற மகள்மேலேயே பொறாமையா? கெயிலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உன் முகம்டா கண்ணு. நீ சொல்லு."

"அம்மா சொன்னபடியே விட்டுடுங்க" என்றாள் நோரா. "எனக்கு நுரையீரல்ல புற்றுநோய். கட்டியை வளரச் சொல்ற புரதத்தை அடக்க மாத்திரை சாப்பிடறேன். அதே புரதம் தோல்லயும் இருக்காம். மருந்து வேலை செஞ்சா நிறைய பேருக்கு முகத்துலதான் முதல்ல தெரியும்னு டாக்டர் சொன்னார். பத்து நாளா, என்னைக் கட்டிக்கப் போறவர் தினமும் காலையில வந்து என் முகத்தைத்தான் பாத்துட்டிருந்தார். நேத்துதான் பரு வந்துச்சு. கல்யாணத்துக்கு முன்னாடி பொண்ணைப் பாக்கக் கூடாதுன்னு அம்மா அவரை வாசலோட அனுப்பிட்டாங்க. அவருக்கு இன்னும் தெரியாது."

கெயில் பவுடர் டப்பாவை மூடினாள். முகத்திரையைக் கையில் எடுத்தவள், கொஞ்சம் யோசித்து, அதையும் மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள்.