வகுப்புக்கு எடுத்த படம்

“சிரிக்காதீங்க, திருடன் மாதிரி முறைங்க” என்று சொல்லி நான்தான் படமெடுத்தேன். “உன்னப் பாத்து எப்படிடி முறைக்கிறது?” என்றார் என் கணவர் மாசிலாமணி. கல்லூரி நூலகர். ஒரு செய்தியை நம்புவதற்கு முன் எப்படிச் சோதிப்பது என்று மாணவர்களுக்குக் கற்பிக்க, அந்தப் படத்தின் கீழே ‘பிள்ளை பிடிக்கிறவன், கண்டால் விடாதீர்கள்’ என்று ஊர்ப் பெயரும் தேதியும் சேர்த்து அவரே எழுதி வகுப்பின் வாட்ஸப் குழுவில் போட்டார். அது குழுவைத் தாண்டிப் போனது எங்களுக்குத் தெரியாது.

ஒரு ஞாயிறு, வெளியூர் ஒன்றின் பேருந்து நிறுத்தத்தில் நாங்கள் நின்றிருந்தபோது ஒருவன் அவரைப் பார்த்துக் கைபேசியைத் தூக்கிக் காட்டினான். “டேய், இவன்தான்டா அது!”

“தம்பி, அத எழுதினதே நான்தாம்ப்பா. பாடம் நடத்துறதுக்காக...”

“பாருங்கடா, அவனே ஒத்துக்கிறான்!”

முதல் செங்கல் நெற்றியைப் பிளந்தது. குறுக்கே விழுந்த என்னை முடியைப் பிடித்து இழுத்துப் போட்டார்கள். இரும்புக் குழாய் வாயில் இறங்கும்வரை, “தேதியப் பாருங்க, தேதியப் பாருங்க” என்று அவர் கத்திக்கொண்டிருந்தார். சத்தம் நின்ற பிறகும் அடித்தார்கள்.

போன வாரம் அந்தப் படம் என் கைபேசிக்கும் வந்தது. ஊர்ப் பெயரை மாற்றியிருந்தார்கள். மாணவர்கள் கண்டுபிடிக்கட்டும் என்று அவர் வேண்டுமென்றே போட்ட தேதி மட்டும் அப்படியே இருந்தது. ஜூன் 31.