பெயர் எழுதிய துண்டு

கத்தி கேக்கின் ஓரத்தில் இறங்கிய நேரத்தில்தான் சட்டைப்பையில் கைபேசி அதிர்ந்தது.

ஆபீஸில் அவனை வழியனுப்ப வந்த எல்லோரும் கைதட்டினார்கள். மெக்கானிக் இடது கையால் கைபேசியை எடுத்துப் படித்தான். வலது கை கேக்கிலேயே நின்றுவிட்டது.

புதிய கம்பெனியிலிருந்து மெயில். தற்போதைய வியாபாரச் சூழல் காரணமாக அவனுக்குக் கொடுத்த வேலையை ரத்து செய்கிறார்களாம். திங்கட்கிழமை வர வேண்டாமாம். கடைசி வரியில் 'ஆல் தி பெஸ்ட்'.

கேக்கிலும் அதுதான் எழுதியிருந்தது, அவன் பட்டப்பெயருக்குக் கீழே. இடம் போதாமல் பேக்கரிக்காரர் கடைசி எழுத்தை விழுங்கியிருந்தார். மெயிலில் எழுத்து எதுவும் குறையவில்லை.

"அண்ணா, கேக்லயே பக் இருக்கு, பாத்தீங்களா?" என்றாள் பூதக்கண்ணாடி.

அந்த டீமில் சொந்தப் பெயர்கள் புழக்கத்தில் இல்லை. பழைய சாஃப்ட்வேரைக் கழற்றி மாட்டி ஓட வைப்பதால் அவன் மெக்கானிக். அவன் எழுதியதில் எல்லாம் 'பக்' என்று தப்புக் கண்டுபிடிக்கும் டெஸ்டிங் பெண் பூதக்கண்ணாடி. பிரசவ லீவு முடிந்து போன மாதம்தான் திரும்பி வந்திருந்தாள். வந்த அன்றே அவன் புரோகிராமில் ஒரு தப்பைப் பிடித்துக் கொடுத்துவிட்டு, அப்புறம்தான் குழந்தையின் போட்டோவைக் காட்டினாள். மேனேஜருக்குப் பெயர் எக்ஸெல். மனுஷருக்கு எதுவானாலும் கட்டம் கட்டமாக இருக்க வேண்டும்.

மெக்கானிக் சிரித்தான். யாரோ வாயில் கேக்கைத் திணித்தார்கள். யாரோ கன்னத்தில் க்ரீமைப் பூசினார்கள். "பெரிய கம்பெனிக்காரரே, போனதும் என்னையும் உள்ள இழுத்துக்கோங்க" என்று ஒருவர் காதைக் கடித்தார். அவன் அதற்கும் தலையாட்டினான்.

வீட்டில் மனைவி சாமான்களை அட்டைப்பெட்டிகளில் கட்டிக்கொண்டிருப்பாள். புது வேலை வேறு ஊரில் என்பதால் தன் பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டாள். இந்த வீட்டுக்கு வேறு குடித்தனக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போயாயிற்று. அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதை என்பார்கள். இங்கே அரசனை அவன் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. எல்லா இன்டர்வியூவும் வீடியோவில்தான், அதிலும் அந்தப் பக்கம் கேமராவை அணைத்தே வைத்திருந்தார்கள்.

ஒரே ஒரு வழி பாக்கி இருந்தது. அவன் பேப்பர் போட்டு ராஜினாமா செய்தபோது எக்ஸெல் சொல்லியிருந்தார், மனசு மாறினால் கடைசி நாள் சாயங்காலம் வரைக்கும் சொல்லலாம், ஒரே கிளிக்கில் ரத்து செய்துவிடலாம் என்று. இன்றுதான் கடைசி நாள். ஆறு மணிக்கு அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டால் பிறகு எந்தக் கதவும் திறக்காது.

கூச்சமாகத்தான் இருந்தது. க்ரீம் பூசிய முகத்தோடு போய், இந்த வேலையே எனக்குத் திரும்ப வேண்டும் என்று எப்படிக் கேட்பது? வெட்கத்தைப் பார்த்தால் வயிறு நிறையுமா என்று தன்னையே திட்டிக்கொண்டான். காலில் விழச் சொன்னாலும் விழுவதாக இருந்தான்.

எக்ஸெல்லைப் பிரிண்டர் பக்கம் ஒதுக்கிக்கொண்டு போனான். "சார், ஒரு விஷயம்..."

"இருப்பா, நான் முதல்ல சொல்லிடறேன்," என்றார் அவர். கண் கலங்கியிருந்தது. எக்ஸெல் கண் கலங்கி அந்த டீமில் யாரும் பார்த்ததில்லை.

"டீம்ல ஒரு ஆளைக் குறைக்கணும், பேர் குடுன்னு மேலேருந்து கேட்டாங்க. நம்ம பூதக்கண்ணாடி பேரைத்தான் எழுதி வெச்சிருந்தேன். பச்சை உடம்புக்காரி, வீட்டுக்காரருக்கும் இப்ப வேலை இல்லையாம். ராத்திரியெல்லாம் தூக்கம் வரலப்பா. அப்பதான் உன் ஞாபகம் வந்துச்சு. நீ எப்படியும் போறவன். அவ பேரை அழிச்சுட்டு உன் பேரைக் கொடுக்கப் போறேன். இன்னிக்கு சாயந்திரம் அனுப்பணும். அவளுக்கு எதுவும் தெரியாது, சொல்லிடாத."

மெக்கானிக் திரும்பிப் பார்த்தான். பூதக்கண்ணாடி காகிதத் தட்டுகளில் கேக்கைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தாள். பெரிய துண்டு யாருக்கு என்று அங்கே சண்டை.

"சரி, நீ என்னமோ சொல்ல வந்தியே?"

அவனுக்கு அழுகை வந்தது. அவளை நினைத்தால் பாவமாக இருந்தது. முகம் தெரியாத அந்தக் கம்பெனி மேல் ஆத்திரம் வந்தது. இதையெல்லாம் இப்போது சொல்லித் தொலைத்த எக்ஸெல் மேல் அதைவிட ஆத்திரம் வந்தது. இவர் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் ஒன்றும் தெரியாமலே கேட்டிருக்கலாம்.

வீட்டில் கட்டி வைத்திருக்கும் பெட்டிகளை நினைத்துக்கொண்டான்.

சொல்ல வந்ததைச் சொன்னான்.

எக்ஸெல் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரிப்பா, பேரை மாத்திடறேன்," என்று தன் இடத்துக்குப் போனார்.

கும்பல் கலைந்துகொண்டிருந்தது. பூதக்கண்ணாடி ஒரு டப்பாவைக் கொண்டுவந்து அவன் கையில் வைத்தாள். உள்ளே அவன் பட்டப்பெயர் எழுதிய துண்டு, ஓர் எழுத்துகூடச் சிதையாமல் இருந்தது.

"ஆளாளுக்குக் கேட்டாங்கண்ணா," என்றாள். "உங்க பேரை மட்டும் நான் யாருக்கும் கொடுக்கல."