மறைத்த கட்டி

"ஒரு வருஷமா கட்டி இருந்திருக்கு. முன்னாடியே ஏன் வரலை?" என்று கேட்டார் டாக்டர் ஸுப்ரியா.

கொச்சி மட்டாஞ்சேரியில் மிளகுக் கிடங்கில் மூட்டை தூக்கும் செல்லப்பா தலையைக் குனிந்துகொண்டான். அவன் மனைவி இசக்கிசெல்விதான் பதில் சொன்னாள்.

"வெக்கம்தான் டாக்டரம்மா. மார்புல கட்டின்னு யாருகிட்ட போயி சொல்ல?"

"இப்போ நுரையீரல் வரைக்கும் பரவியாச்சு. நானோ மருந்து கொடுக்கலாம். கண்ணுக்குத் தெரியாத துகள்ல மருந்தை வச்சு ரத்தத்துல ஏத்துவோம். அது கட்டியில போய்ச் சேரும். ஆனா முழுசா குணமாகாது."

"எத்தனை நாளைக்குத் தாங்கும்?" என்று கேட்டாள் இசக்கிசெல்வி.

"ஒரு வருஷம். மருந்து நல்லா கேட்டா இன்னும் கொஞ்சம்."

இசக்கிசெல்வி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். செல்லப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

நர்ஸ் கதவைத் திறந்தாள். "சேச்சி இங்கேயே இருக்கட்டும். சேட்டன் வாங்க, மருந்து ஏத்தணும்."

செல்லப்பா சட்டைக் கையை மடித்துவிட்டபடி உள்ளே போனான்.

"பொம்பளை நோயி வந்துட்டுன்னு கூட வேலை பாக்குறவங்க சிரிப்பாங்களாம். அதுக்குப் பயந்து என்கிட்டகூடச் சொல்லலை டாக்டரம்மா," என்றாள் இசக்கிசெல்வி. "போன மாசம் சட்டையைத் துவைக்கையில ரத்தக்கறையைப் பாத்துதான் எனக்கே தெரிஞ்சுது."