கூரைக்குள் பிளாஸ்டிக் பட்டை

“அந்தத் தகட்டைக் கழட்டச் சொல்லுங்க. உள்ளே பார்க்கணும்” என்றாள் தஹானி.

கல்யாண மண்டபத்தின் முதலாளி அபூ நிமர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். தங்க நிறம் பூசிய ஃபால்ஸ் சீலிங் அது. ஜோர்டானின் இர்பித் நகரத்திலேயே இப்படி ஒரு மண்டபம் கிடையாது என்று போகிற இடமெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தார். வரும் வியாழக்கிழமை அங்கே முதல் கல்யாணம். தீ பாதுகாப்பு ஆய்வாளரான தஹானி கையெழுத்துப் போட்டால்தான் கதவைத் திறக்கலாம்.

“எதுக்கு இஞ்சினியரம்மா? நெருப்பு தாங்கற கேபிள்தான் போட்டிருக்கேன். ஒரிஜினல் சரக்கு! முதல்ல காபி குடிங்க. ஏலக்காய் தூக்கலா போடச் சொல்லியிருக்கேன்.”

“வேலை முடியட்டும்.”

எலக்ட்ரீஷியன் வஜீஹ் முணுமுணுத்துக்கொண்டே ஒரு தகட்டைக் கழற்றினான். தஹானி ஏணியில் ஏறி டார்ச் அடித்தாள். ஆரஞ்சு நிற கேபிள் வளைவு நெளிவில்லாமல் அழகாகத்தான் ஓடியது. ஆனால் அதைக் கூரையோடு பிடித்து நிறுத்தியிருந்தவை எல்லாம் பிளாஸ்டிக் பட்டைகள்.

“ஸ்டீல் கிளாம்ப் எங்கே வஜீஹ்?”

“எல்லா இடத்துலயும் இப்படித்தான் மேடம் கட்டறோம். கேபிள்தான் நெருப்பைத் தாங்குமே!”

“கேபிள் தாங்கும். பட்டை தாங்குமா? நெருப்பு பிடிச்சா அதுதான் முதல்ல உருகும். கேபிள் எல்லாம் அறுந்த கொடிக்கயிறு மாதிரி கீழே தொங்கும். புகையில ஓடறவங்க கழுத்துல சிக்கும். யாராவது இழுத்து அறுத்துட்டா, வாசலைக் காட்டற விளக்கும் போயிடும். அப்புறம் இருட்டுல எந்தப் பக்கம் ஓடுவாங்க, சொல்லு?”

வஜீஹ் தலையைச் சொறிந்தான். தஹானி இறங்கி வந்தாள்.

“அபூ நிமர், சீலிங் முழுக்கப் பிரிக்கணும். ஸ்டீல் கிளாம்ப் போட்டு மறுபடி கட்டணும். அதுவரைக்கும் அனுமதி கிடையாது.”

“வியாழக்கிழமை கல்யாணம்மா!”

“தெரியும். அதுக்குள்ள முடியாது.”

அபூ நிமருக்கு வியர்த்துவிட்டது. குரலைத் தாழ்த்திக் கெஞ்சினார். “நானூறு பேருக்கு அழைப்பு போயிருக்கு. மன்ஸஃப் விருந்து சமைக்க ஆட்டுக்கிடாய்ங்க வந்து இறங்கியாச்சு. மாப்பிள்ளை துபாய்ல இருந்து லீவு போட்டு வந்திருக்கான். இந்த ஒரு நாளைக்கு மட்டும் கண்டுக்காம விடுங்க, என் தங்கச்சி மாதிரி நீங்க. வெள்ளிக்கிழமை காலையில நானே ஏணியில ஏறிப் பிரிக்கறேன்.”

“நெருப்பு வெள்ளிக்கிழமை வரைக்கும் காத்திருக்குமா அண்ணே?”

“அந்தப் பொண்ணை நினைச்சுப் பாருங்க! எத்தனை கனவோட இருப்பா? அவ அழுத கண்ணீர் உங்களைச் சும்மா விடாது!”

தஹானி ஒரு கணம் தங்கக் கூரையை அண்ணாந்து பார்த்தாள். “அழுதா அழட்டும். உயிரோட இருந்து அழட்டும்” என்று சொல்லிவிட்டு, அனுமதி மறுப்புச் சீட்டில் கையெழுத்துப் போட்டாள்.

கெஞ்சல் போய் அபூ நிமருக்குக் கோபம் வந்துவிட்டது. “மாப்பிள்ளையோட அப்பா யாருன்னு தெரியுமா? கர்னல் அபூ ஹைதம்! ஒரு போன் போட்டா உங்க மேலதிகாரிக்கு மேலதிகாரி எழுந்து நிப்பான். இப்போ பாருங்க!”

போனை ஸ்பீக்கரில் போட்டார். தஹானியின் முகம் அப்போதுதான் வெளுத்தது. அதைப் பார்த்து அபூ நிமருக்கு ஒரே குஷி.

“கர்னல்! இங்கே ஒரு ஆய்வாளரம்மா வந்து கல்யாணத்தையே நிறுத்தறாங்க!”

“என்னது?” கர்னல் போட்ட சத்தத்தில் வஜீஹ் ஏணியைப் பிடித்துக்கொண்டான். “என் பையன் கல்யாணத்துல கை வைக்கறதா? யாருய்யா அது? பேரைச் சொல்லு!”

அபூ நிமர் அவள் சட்டையில் குத்தியிருந்த அட்டையை உரக்கப் படித்தார். “தஹானி. ஆய்வாளர்.”

கர்னலின் குரல் சட்டென்று இறங்கியது.

“இன்னொரு தரம் படி.”

“தஹானி, கர்னல்.”

“யார் கல்யாணம்னு அவளுக்குத் தெரியுமா?”

“பத்து தரம் சொல்லிட்டேன். உங்க பேரையும் சொன்னேன். கேபிளைப் பிளாஸ்டிக் பட்டையில கட்டியிருக்காம். நெருப்பு பிடிச்சா ஜனங்க மேல விழுமாம். யார் வந்தாலும் முடியாதுன்னு எழுதியே கொடுத்துட்டா!”

கர்னல் தொண்டையைக் கனைத்தார். பேசியபோது அந்தக் குரலில் கோபம் துளியும் இல்லை.

“கூரையைப் பிரிச்சு அவ சொன்ன மாதிரியே மாத்து. நானூறு பேருக்கும் நானே போன் பண்ணிச் சொல்றேன், கல்யாணம் தள்ளிப் போச்சுன்னு. ஏன்னு கேட்டா மார்தட்டிச் சொல்லுவேன்.”

அபூ நிமருக்கு ஒன்றும் புரியவில்லை. “கர்னல், நீங்க ஒத்துக்கலாம். பொண்ணு ஒத்துக்குவாளா? அவ என்ன சொல்லுவாளோ?”

போனுக்குள் கர்னல் வாய்விட்டுச் சிரித்தார்.

“அட மடையா, இவ்வளவு நேரமா உன் எதிர்ல நின்னு சொல்லிட்டிருக்கிறதே அந்தப் பொண்ணுதான்யா!”